இருபத்து மூன்று கரும்புள்ளிகள்

அத்தியாயம் 17

இதனால் திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரத்துப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நிகழும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள், சுபயோக சுபவேளையில், மனிதத் தசையானது வரலாற்றில் முதன்முறையாக மங்கலும் மாசும் நீங்கிப் பளிச்சென்று விளங்க இருக்கிறது. அனைவரும் சுற்றமும் நட்பும் சூழ வருக. சிற்றுண்டி உண்டு.

இது அரசு கெஜட் அல்ல. சதீஷ்குமார் அடித்த அழைப்பிதழின் முதல் பத்தி. கல்யாணப் பத்திரிகை கனத்தில், தங்க ஓரம் போட்டு, உள்ளே மெல்லிய தாள் வைத்து அடித்திருந்தான்.

சதீஷ்குமார், பெரியவர் ஆத்தப்பனின் மகன். குழந்தைகளுக்கான பனியன் ஏற்றுமதி செய்கிறவன். போன வருடம் ஏதோ வெளிநாட்டுப் பொருட்காட்சிக்கு நூல் பார்க்கப் போனவன், அடுத்த அரங்கில் ஒரு ஸ்கேனரைப் பார்த்துவிட்டு வந்தான். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த தசைத் துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றி வைப்பார்கள் அல்லவா, அந்தச் சில்லை விழுங்கி நானூறு மடங்கு பெரிய படமாகக் கம்ப்யூட்டரில் கக்கும் இயந்திரம். எங்கோ இருக்கும் டாக்டர் அதைத் தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடி பார்த்துப் புற்றா, வெறும் கட்டியா என்று சொல்லிவிடலாம். நல்ல இயந்திரம். சதீஷ்குமார் வாங்கும்வரை அதன்மேல் ஒரு குறையும் இல்லை.

சென்ற வாரம் சித்ரகலாவின் மைக்ராஸ்கோப்பை ஏற்றுமதி அட்டைப்பெட்டியில் விட்டுவிட்டு வந்தோம். சித்ரகலா சதீஷ்குமாரின் தங்கை. திசு பார்த்து நோய் சொல்லும் டாக்டர். பல்லடம் ரோட்டில் அப்பாவின் கட்டடத்தில் பதினோரு வருடம் பரிசோதனைக்கூடம் நடத்தினாள். அவள் ஒரு சீருக்காக மடத்துக்குளம் போன ஞாயிற்றுக்கிழமையில், அந்த இடத்தில் ஸ்கேனர் மையம் வைப்பதற்காக அவளுடைய மேஜை, சாயப் புட்டிகள், மைக்ராஸ்கோப் எல்லாம் கம்பெனிக் குடோனுக்குப் போய்விட்டன. மைக்ராஸ்கோப் போன பெட்டியின் மேல் 'மூன்று முதல் ஆறு மாதக் குழந்தை' என்று அச்சடித்திருந்தது. கேட்டதற்கு சதீஷ்குமார், நூறு சொந்தக்காரர்கள் கூடியிருந்த காதுகுத்து விருந்தில், இலை முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னான்.

"ஒத்தக் கண்ணைக் கண்ணாடிக்குள்ள உட்டுட்டு உக்காந்திருக்கறதுக்கு எதுக்குங்க ரோட்டு மேல எடம்?"

நூறு பேரில் பலர் சிரித்தார்கள். சித்ரகலா சிரித்தவர்களை எண்ணினாள். எண்ணுவது அவள் தொழில். நாற்பத்தொரு பேர். அந்த நாற்பத்தொரு பேருக்கும் இன்றைய திறப்பு விழாவுக்கு அழைப்பு போயிருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு ஏற்பட்ட நிம்மதியை எந்த மாத்திரையும் தராது.

*

புதன்கிழமை காலை ஆறரை. சித்ரகலாவின் புதிய கூடம் சாமளாபுரத்தில் ஒரு விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறை. இடம் மலிவு. காரணம், பன்னிரண்டு தறிகளும் ஓடும்போது சுவர் நடுங்கும், சுவர் நடுங்கினால் மேஜை நடுங்கும், மேஜை நடுங்கினால் கண்ணாடிச் சில்லில் இருக்கும் செல்களெல்லாம் கரகம் ஆடும். ஷிஃப்ட் மாறும் காலை ஏழு மணிக்குத் தறிகள் கால் மணி நேரம் நிற்கும். அந்தக் கால் மணிதான் அவளுடைய முழு வேலை நாள்.

அன்று அவளுக்கு முன்பே வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தான். முனீஸ். சாத்தூர்ப் பக்கத்துக்காரன், நாற்பது வயது, சதீஷ்குமார் கம்பெனியில் போட்டோ வேலை. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்பும் பனியன் படங்களில் நூல் பிசிறு, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட ஓட்டை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே துடைத்துவிடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. தசைப் படத்தையும் அவனிடமே கொடுத்துவிட்டான் சதீஷ்குமார்.

அதற்கு அவன் சொன்ன நியாயம் சாயப்பட்டறை நியாயம். வியாபாரி ஒப்புக்கொண்ட நிறம் ஒன்றுதான். எந்தப் பட்டறையில் நனைத்தாலும் அந்த நிறத்தில்தான் துணி வரவேண்டும். அதேபோல ஊருக்கு ஒரு ரோஸ், ஆஸ்பத்திரிக்கு ஒரு ஊதா என்று வரும் சில்லுகளை ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். இது நல்ல யோசனைதான். உலகத்தில் படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள். அடுத்த யோசனைதான் சதீஷ்குமாருடைய சொந்தச் சரக்கு: படத்தில் கருப்பாகப் புள்ளி எதுவும் இருக்கக்கூடாது. இயந்திரம் பொருத்த வந்த இன்ஜினியர், நோய் பார்க்கும் படத்தில் கை வைக்காதீர்கள் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தான். பொடிப் புள்ளியோடு சரக்கை அனுப்பினால் வியாபாரி திருப்பி அனுப்பிவிடுவான் என்று சதீஷ்குமார் அவனுக்குப் பாடம் நடத்தி பஸ் ஏற்றிவிட்டான்.

முனீஸ் சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒரு சில்லை எடுத்து மேஜைமேல் வைத்தான். இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை என்றான்.

"தூசின்னா தொடச்சாப் போவணும்ல, டாக்டரம்மா. நா சில்லத் தொடச்சேன். மறுக்கா ஸ்கேன் போட்டேன். அதே எடத்துல அதே புள்ளி. மூணு மட்டம் தொடச்சிட்டேன். தூசி எங்கயாச்சும் எடம் மாறாம ஒக்காந்திருக்குமா?"

முதலாளியிடம் சொன்னதற்கு, புள்ளியைத் தூக்கிவிட்டு ஒன்பது மணிக்குள் திரையில் ஏற்று என்று உத்தரவாம். அசல் படத்தை அழிக்காமல் தனியாக வைத்திருக்கிறேன் என்றும், இந்தப் பேச்சு வெளியே போனால் தன் வேலை போய்விடும் என்றும் முனீஸ் சொன்னான். யாருடைய சில்லு என்று அவள் கேட்டாள்.

"ஒங்க அம்மாவோடது."

தறிகள் நின்றன.

அம்மா செல்லாத்தாளின் மார்பில் இரண்டு மாதத்துக்கு முன் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இப்போது எலுமிச்சை. ஊசி போட்டுத் துணுக்கு எடுத்த கையோடு, மையத்தின் முதல் மாதிரி அன்னையுடையதாகவே இருக்கட்டும் என்று சதீஷ்குமார் அதை வாங்கிக்கொண்டான். முனீஸ் முதலில் புள்ளி துடைத்துக் கொடுத்த படம் கோவையில் ஒரு டாக்டருக்குப் போனது. சாதுவான கட்டி, பயமில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அவர் எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. அவருக்குக் காட்டியதை எழுதினார்.

சித்ரகலா கண்ணை வைத்தாள். அவள் பார்த்தது, இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள். பிரியும் நேரத்தில் செல்லின் நடுப்பகுதி சுருண்டு கருத்துவிடும்; தெரியாதவர்களுக்குத் தூசி மாதிரிதான் இருக்கும். இந்த வகைக் கட்டியில் அதை எண்ணித்தான் கட்டி சாதுவா, வெறி பிடித்ததா என்று தீர்ப்புச் சொல்வார்கள். பத்து இடங்களில் பார்த்து, மொத்தமாகக் கூட்டி ஐந்துக்குள் இருந்தால் மூச்சு விடலாம். பத்தைத் தாண்டினால் கத்தியைத் தீட்டவேண்டும்.

இருபத்து மூன்று.

இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது நடந்ததுதான். அந்த எண் வந்து நின்றதும் சித்ரகலாவின் நெஞ்சில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. 'மாட்டினான்' என்கிற ஒரு சொல். இனிப்பான சொல். அம்மா என்ற நினைப்பு அதற்குப் பின்னால்தான், வரிசையில் இரண்டாவதாக வந்து நின்றது. அதற்குள் ஷிஃப்ட் மாறி, தறிகள் ஓட ஆரம்பித்து, செல்களெல்லாம் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டன.

*

எட்டேகாலுக்கு அப்பா வீட்டில் இருந்தாள். ஆத்தப்பன் விழா மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தார். செல்லாத்தாள் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மூக்குத்தித் திருகு தேடிக்கொண்டிருந்தாள்.

தன் திட்டத்தைச் சித்ரகலா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். அம்மாவிடம் இப்போது சொல்லக்கூடாது. மேடை ஏற வேண்டும். நாற்பத்தொரு பேரும் கேட்க அண்ணனின் தோலை உரிக்க வேண்டும். பிறகு அம்மாவைத் தனியே அழைத்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. மேடையில் சொன்னால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் காது கேட்கும்.

ஆகவே கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். நெளிவு சுளிவு இல்லாமல், சில்லு, புள்ளி, எண் என்று சொன்னாள். உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்றும் சொன்னாள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்பதன் அர்த்தத்தை மட்டும் சொல்லவில்லை, செல்லாத்தாளே புரிந்துகொண்டாள். திருகு கிடைத்தது. மூக்குத்தியை முடுக்கிவிட்டு, தன்னுடைய துணுக்கை எடுத்துப்போய் விழாவில் காட்டப்போவதை யாராவது தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மகளிடம் கேட்டாள். கேட்கவில்லை. வாசலில் கட்டியிருக்கும் பேனரில் தன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், முப்பது வயதுக்காரி மாதிரி நிற்க வைத்திருக்கிறார்களே, அதையாவது கேட்டார்களா? அதுவும் இல்லை.

சித்ரகலா மெல்ல ஆரம்பித்தாள். விழா வேண்டாம், இப்போதே கோவை போகலாம், அண்ணனிடம் வீட்டில் வைத்துப் பேசிக்கொள்ளலாம். அம்மா முகத்தைப் பார்த்ததும் வஞ்சம் அவளுக்கு லேசாகக் கரைய ஆரம்பித்திருந்தது. ஆனால் வஞ்சம் என்பது அந்தக் குடும்பத்தில் தாய்வழிச் சொத்து என்பதை அவள் மறந்துவிட்டாள்.

"ஊட்டுக்குள்ள சொன்னா ஊட்டோடயே அமுங்கிப் போயிரும் கண்ணு," என்றாள் செல்லாத்தாள். "உம்பட கண்ணாடியை எடுத்து வெளிய போட்டப்பவும் ஊட்டுக்குள்ளதான் பேசுனோம். என்னாச்சு? மேடையிலயே சொல்லு. நானும் வாரேன். எம்பட கட்டிதானே."

*

மண்டபம் நிறைந்திருந்தது. ஏதோ ஒரு சங்கத்தின் முன்னாள் துணைத் தலைவர் குத்துவிளக்கின் ஐந்து முகங்களில் மூன்றை ஏற்றினார். மீதி இரண்டுக்கு மின்விசிறி இடம் கொடுக்கவில்லை. சதீஷ்குமார் கோட்டு அணிந்து பேசினான். பின்னலாடையில் உலகத்தை உடுத்திய திருப்பூர், இனி உலகத்தின் தசையையும் தெளிவாக்கும் என்றான். கைதட்டினார்கள். மருத்துவத்தில் இதுவரை இருந்தது இருட்டு என்றான். கைதட்டினார்கள். சிலர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உலகத்தைப் பார்க்கிறார்கள் என்றபோது நாற்பத்தொரு பேரும் சிரித்தார்கள். சித்ரகலா சரிபார்த்தாள். ஒருவர் குறைவு, ஆஸ்துமாவால் வரவில்லையாம்.

பிறகு திரையில் இரண்டு படங்கள். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. சோப்பு விளம்பரத்தில் சட்டைக் காலரைக் காட்டுவார்களே, அந்த மாதிரி. இடது பக்கம் மங்கல் ஊதா, ஆங்காங்கே கரும்புள்ளிகள். வலது பக்கம் சீரான ரோஸ், பால் போல, ஒரு புள்ளி இல்லை. இதுதான் என் அன்னையின் திசு என்று சதீஷ்குமார் குரல் தழுதழுக்கச் சொன்னதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

செல்லாத்தாளும் எழுந்தாள். கைதட்டவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். ஆசி வழங்க வருகிறாள் என்று நினைத்து சதீஷ்குமாரே மைக்கை நீட்டினான்.

"அந்தக் கருப்பெல்லாம் எங்க கண்ணு போச்சு?"

"அது அழுக்கும்மா. நம்ம ஆளுங்க க்ளீன் பண்ணிட்டாங்க."

"அழுக்கில்ல. அது எம்பட சீக்கு."

மண்டபத்தின் கடைசி வரிசைக்கு இது உடனே புரியவில்லை. அங்கே இரண்டு பேர் கைதட்டிவிட்டார்கள். சித்ரகலா மைக்கை வாங்கினாள். கொங்கு நாட்டில் வெட்டுகிறவனும் 'ங்க' போட்டுத்தான் வெட்டுவான். அவள் குரல் மிகவும் பணிவாக இருந்தது.

"அண்ணா, இடது பக்கம் பார்த்து அந்தப் புள்ளிகளை எண்ணுங்க. நீங்க ரெண்டு கண்ணையும் தொறந்தே எண்ணலாமுங்க."

சதீஷ்குமார் சிரிக்க முயன்றான். முன்வரிசையில் அப்பாவைப் பார்த்தான். எழுபது வயது ஆத்தப்பன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, எண்ணு என்பதுபோல் தலையை அசைத்தார். மேடைக்குப் பின்னால் முனீஸ் படத்தை ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பெரிதாக்கினான். அவனுக்கு வேலை போவது உறுதியாகிவிட்டது. உறுதியானதும் நிதானமாகவே நகர்த்தினான்.

சதீஷ்குமார் எண்ணினான். ஒவ்வொரு புள்ளிக்கும் சித்ரகலா, அது என்ன, துடைக்காவிட்டால் டாக்டர் அதை வைத்து என்ன எழுதியிருப்பார், துடைத்ததால் என்ன எழுதினார் என்று கூட்டத்துக்கு விளக்கினாள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்பதன் அர்த்தத்தையும் இப்போது சொன்னாள். ஒன்பதில் சதீஷ்குமாரின் குரல் நின்றது.

"பத்து," என்றாள் செல்லாத்தாள், மகனுக்குப் பதிலாக. "பதினொண்ணு."

இருபத்து மூன்று வரை அவளே எண்ணி முடித்தாள். முடிந்ததும் ஆத்தப்பன் எழுந்தார். கையில் மைக் இல்லை. அவருக்குத் தேவையும் இல்லை.

"ஏண்டா, ஓட்டையைப் போட்டோவுல அடைச்சா பனியன்ல அடைஞ்சிருமாடா?"

இத்தனை வருடத்தில் அவர் மகனைப் பொது இடத்தில் 'டா' போட்டது இதுதான் முதல்முறை. அதோடு அவர் மனைவியைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார். அவர் கண்ணில் இருந்தது என்ன என்று பார்க்க யாருக்கும் துணிவு இல்லை.

சித்ரகலாவுக்கு அது போதவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டி, தன் பதினோரு வருட இடத்தின் முன்னால் நிறுத்தினாள். கூட்டமும் பின்னாலேயே வந்தது. இலவசமாகக் கிடைக்கும் காட்சியை இந்த ஊர் விட்டதில்லை. உள்ளே ஸ்கேனர் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தது. இனி ஒரு தாய்க்கும் இந்தக் கதி வரக்கூடாது, இந்த நிமிஷமே இழுத்து மூடுங்கள் என்றாள். சதீஷ்குமார் தன் கையாலேயே ஷட்டரை இழுத்தான். அது பாதி வழியில் மாட்டிக்கொண்டது. சிரித்த நாற்பது பேரில் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். பூட்டினான். யாரையும் பார்க்காமல் காரில் ஏறிப் போனான்.

மைக்ராஸ்கோப் பெட்டிக்குள் போன பதினேழு நாளில் அவளுக்கு அப்போதுதான் நன்றாகப் பசித்தது. மண்டபத்துக்குத் திரும்பி, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட்டாள். இரண்டாவது முறை கேசரி கேட்டு வாங்கினாள். காதுகுத்தில் மிக அதிகமாகச் சிரித்த பெரியப்பா மகன் ஒருவர் அருகில் வந்து, உன்னை மாதிரி வருமா என்று தன் மனைவியின் தைராய்டு ரிப்போர்ட்டை நீட்டினார். அவள் அதை வாங்காமல் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்திலேயே அவள் சாப்பிட்ட மிக ருசியான பண்டம் அதுதான்.

காலையிலேயே அவள் விஷயத்தைச் சொல்லி வைத்திருந்த சர்ஜன் பன்னிரண்டரைக்குக் கோவையிலிருந்து கூப்பிட்டார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்காதவர். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் மேஜை ஒதுக்கிவிட்டேன் என்றார். கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பையே எடுப்பதா என்பதை இந்த வகைக் கட்டியில் பழுத்த ஒருவர் பார்த்துச் சொல்லாமல் தான் கத்தியைத் தொடமாட்டேன் என்றார். அப்படி ஒருவர் மும்பையில் இருக்கிறார். இன்று சாயங்காலம் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நாளை முதல் பத்து நாள் வெளிநாடு. கூரியரில் சில்லு போய்ச் சேர நேரம் இல்லை.

"கை வைக்காத அசல் ஸ்கேன் ஒண்ணு அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க டாக்டர். உங்க ஊர்லதான் புதுசா மிஷின் வந்திருக்காமே."

சித்ரகலா முனீஸைத் தேடினாள். தனியாக எடுத்து வைத்திருந்த அசல் படம் எங்கே என்று கேட்டாள். மிஷினோடு இருக்கும் கம்ப்யூட்டரில்தான், மண்டபத்தில் காட்டியது திரைக்காகச் சுருக்கிய நகல் என்றான் முனீஸ்.

சாவி சதீஷ்குமாரிடம் இருந்தது. அவன் போனை அணைத்து வைத்திருந்தான்.